கிளாசிக் 350-க்கு ஹெட்லைட் பல்பு: சட்டத்துக்கு உட்பட்டு எதைப் போடலாம்?

அரியலூர்_350

வணக்கம் நண்பர்களே. 2018 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக் வைத்திருக்கிறேன். வேலை பெரம்பலூரில், வீடு அரியலூர் தாண்டி. ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது ராத்திரி பத்தரை ஆகிவிடும். அந்த ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும், சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும் வரிசைகட்டி வரும். எதிர் வெளிச்சம் கண்ணில் பட்டால் ஓரத்து வெள்ளைக் கோடுகூட மறைந்துவிடுகிறது. போன மாசம் ரோட்டில் படுத்திருந்த எருமை பத்தடி கிட்ட வந்த பிறகுதான் தெரிந்தது. எப்படியோ ஒடித்துத் தப்பினேன். அன்றைக்குப் பின்னாடி என் மகள் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாளே கடைக்குப் போய்க் கேட்டேன். "எச்4 எல்இடி இருக்கு, ஃபேன் வெச்சது, அப்படியே பழைய ஹோல்டர்ல மாட்டிக்கலாம்" என்று 1,400 ரூபாய்க்குப் போட்டு விட்டார்கள். டயருக்கு முன்னாடி நிலா வெளிச்சம் மாதிரி வெள்ளையாக விழுகிறது. ஆனால் முப்பது மீட்டருக்கு அப்பால் பழைய பல்பைவிட மோசம். எதிரே வருகிற ஒவ்வொரு வண்டியும் எனக்கு டிம் பிரைட் அடிக்கிறது. நான் போட்டிருப்பதே டிம்மில்தான். மூன்றாவது நாள் சோதனையில் நிறுத்தி, மாற்றிவிட்டு வா, அடுத்த தடவை கேஸ்தான் என்று எச்சரித்து அனுப்பினார்கள்.

இப்போது என் கேள்வி: சட்டப்படி எந்த பல்பு போடலாம்? 100/90 வாட் போடலாமா? பல்புப் பெட்டியில் வெளிச்சம் "130 சதவீதம் கூடுதல்" என்று போட்டு விற்கிறார்களே, அது நிஜமா?

---

ஒயரிங்_மணி

தம்பி, முதல்ல அந்த எல்இடியைக் கழட்டுங்க. பழைய பல்பு கையில இருக்கா? இருந்தா அதையே மாட்டுங்க. வேற எதையும் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு மல்டிமீட்டர் எடுங்க.

இன்ஜினைச் சும்மா ஓட விடாம கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து வெச்சு, லைட் எரியும்போதே பேட்டரி முனையில எவ்வளவு வோல்ட், பல்பு ஹோல்டருக்குப் பின்னாடி எவ்வளவு வோல்ட்னு பாருங்க. பல்பைக் கழட்டிட்டுப் பார்த்தா சரியா காட்டாது, கரண்ட் ஓடும்போதுதான் ஒயர் எவ்வளவு தின்னுதுன்னு தெரியும். இருபத்திரண்டு வருஷமா ஒயரிங் வேலை பார்க்கிறேன். லைட் பத்தலைன்னு வர்ற வண்டியில பாதிக்கு மேல பல்புல குறை இருக்காது. டிம் பிரைட் ஸ்விட்ச்சுல கார்பன் பிடிச்சிருக்கும், இல்லேன்னா எர்த் ஒயர் துருப்பிடிச்சிருக்கும், இல்லேன்னா ஹோல்டர் உருகிப் பழுப்பா இருக்கும்.

ரீடிங் போடுங்க, அப்புறம் பேசுவோம்.

---

விதிமுறை_வாசகன்

சட்டக் கேள்விக்கு நான் சொல்கிறேன்.

உங்கள் வண்டியின் ஹெட்லைட் எச்4 வகை, 12 வோல்ட், 60/55 வாட் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55) ஹாலஜன் பல்புக்கென்று சோதிக்கப்பட்டு அனுமதி வாங்கிய ஒன்று. அனுமதி பல்புக்கு மட்டும் கிடையாது. டூம் என்கிற விளக்குக் கூடு, அதற்குள் இருக்கிற ரிஃப்ளெக்டர், பல்பு மூன்றும் சேர்ந்து எப்படி வெளிச்சம் வீசுகிறது என்பதற்குத்தான் அனுமதி. அதனால் நீங்கள் போடக்கூடியது அதே வகை, அதே வாட், சான்று பெற்ற ஹாலஜன் பல்பு. கம்பெனி எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

சான்றை எப்படித் தெரிந்துகொள்வது? பல்பின் உலோக அடித்தட்டில் பாருங்கள். ஒரு வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கும். எண் நாட்டைக் குறிக்கும்: 1 என்றால் ஜெர்மனி, 2 பிரான்ஸ், 4 நெதர்லாந்து. அது ஐ.நா.வின் 37-ஆம் எண் ஒழுங்குமுறைப்படி வந்த அனுமதி. நம் நாட்டில் பல்புக்கான தரநிலை ஏஐஎஸ்-034. பெட்டியில் மட்டும் முத்திரை இருந்து பல்பில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 106-ஆம் விதியைப் படித்துப் பாருங்கள், ரொம்பத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் வலப்பக்கமாக, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசவைக்காதபடி ஒளி நிரந்தரமாகக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். இதை வீட்டு வாசலிலேயே சோதித்துவிடலாம். டேப் வைத்து அளந்து, அந்த இடத்தில் கண் 1.5 மீட்டரில் வரும்படி நின்று பாருங்கள். உங்கள் எல்இடி அந்தச் சோதனையில் நிற்காது என்றே நினைக்கிறேன்.

மாற்றினால் என்ன தண்டனை என்று அடுத்து யாராவது கேட்பார்கள். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு மாற்றி எழுதப்பட்டது. அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உங்களை எச்சரித்து அனுப்பியவர் நல்ல மனிதர்.

---

கோவை_நைட்ரைடு

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். நானும் எச்4 எல்இடிதான் போட்டிருக்கிறேன், இரண்டு வருஷமாகிறது. கரண்ட் குறைவாக இழுக்கிறது, வெளிச்சம் வெள்ளையாக இருக்கிறது, ஊட்டிக்கு எத்தனையோ தடவை போய்வந்துவிட்டேன். இன்றைக்குப் புதுசாக வருகிற பாதி வண்டி எல்இடிதானே? கம்பெனி போட்டால் சட்டம், நான் போட்டால் குற்றமா?

---

விதிமுறை_வாசகன்

@கோவை_நைட்ரைடு, நியாயமான கேள்விதான். கம்பெனி எல்இடி ஹெட்லைட்டில் ரிஃப்ளெக்டரும் லென்ஸும் அந்த எல்இடி சில்லுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. முழு விளக்காகச் சோதித்து அனுமதி வாங்கியிருக்கிறார்கள். நீங்கள் போட்டது ஹாலஜன் பல்பின் இழை (ஃபிலமெண்ட்) இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்த டூமுக்குள் வேறொரு ஒளி மூலம்.

எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழை இருக்கும். முன்னால் இருப்பது டிம். அதன் கீழே கரண்டி மாதிரி ஒரு சின்ன உலோகத் தடுப்பு. டிம் போடும்போது ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு ஒளி போகவிடாமல் தடுப்பது அதுதான். கீழ்ப்பாதியில் பட்டால் ஒளி மேலே ஏறி எதிரே வருகிறவர் கண்ணுக்குப் போகும். டிம் வெளிச்சத்தைச் சுவரில் அடித்தால் அதன் மேல் விளிம்பில் தெரிகிற வெட்டுக்கோடு அந்தக் கரண்டியின் விளிம்புதான். பின்னால் இருக்கிற பிரைட் இழைக்குத் தடுப்பு இல்லை, அதனால் முழு ரிஃப்ளெக்டரும் வேலை செய்யும். இழை நூலளவு தடிமன். அதன் இடம் ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலே கோடு கலைந்துவிடும். எல்இடியில் தட்டையான சில்லு இருபக்கமும் ஒட்டியிருக்கும், நடுவில் ஒரு தகடு. இழை இருந்த இடத்தில் ஒளியே இல்லை, அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. மொத்த ஒளி கூடியிருக்கலாம். போக வேண்டிய இடத்துக்குப் போவதில்லை.

அரியலூர் நண்பர் சொன்ன அனுபவம் அதேதான்: டயருக்கு முன்னால் பளபளப்பு, தூரத்தில் இருட்டு. கிட்டத்தில் அதிக வெளிச்சம் இருந்தால் கண்மணி சுருங்கும், தூரத்தில் இருக்கிற மங்கலான பொருள் இன்னும் தெரியாமல் போகும்.

---

லாரி_ஸ்டியரிங்

பதினாலு சக்கரம் ஓட்டுறேன். இந்தப் பேச்சுல டிரைவர் பக்கமும் யாராவது சொல்லணும்னு எழுதுறேன்.

கேபின்ல நாங்க உட்கார்ற உயரத்துக்கு ஒழுங்கா செட் பண்ண டிம் லைட் வரவே வராது. ஆனா இந்த மாத்துன எல்இடி வெளிச்சம் வருது. ஒத்தை வெளிச்சமா வெள்ளையா கண்ணைக் குத்தும். வர்றது பைக்கா, ஒரு லைட் போன காரான்னே தெரியாது. அவ்வளவு நேரமும் ரோட்டோரம் நடந்து போறவங்களை, சைக்கிள்காரரை நான் பார்க்க முடியாது. உங்களுக்கு டிம் பிரைட் அடிக்கிறது கோபத்துல இல்ல. எனக்குத் தெரியலைன்னு சொல்றேன்.

என் அப்பாவும் டிரைவர்தான். அவர் காலத்துல ஹெட்லைட் நடுவுல கறுப்பா பொட்டு வெப்பாங்க, போலீஸே நிறுத்தி ஒட்டி விடுவாங்க. இப்ப அது சுத்தமா இல்ல.

---

விதிமுறை_வாசகன்

அந்தக் கறுப்புப் பொட்டு எனக்கும் நினைவிருக்கிறது ஐயா. இப்போதைய டூமில் அதை ஒட்டினாலும் வெட்டுக்கோடு சரியாகாது, இருக்கிற வெளிச்சம்தான் குறையும். டூமைச் சரியான கோணத்தில் வைப்பதுதான் வழி.

---

ஸ்பிளெண்டர்_2009

இடையில் ஒரு கேள்வி. என்னுடையது பழைய ஸ்பிளெண்டர், 35/35 வாட். இதே 60/55 பல்பை இதில் போட்டால் டபுள் வெளிச்சம் வருமா? கடைக்காரர் பல்பு அடித்தட்டின் காதை ராவிவிட்டால் மாட்டும் என்கிறார்.

---

ஒயரிங்_மணி

வேண்டாம் தம்பி. உங்களுது எச்எஸ்1 பல்பு. அடித்தட்டு காது அளவுல வித்தியாசம் வெச்சதே மாத்தி மாட்டக்கூடாதுன்னுதான். ராவி மாட்டினா பல்பு சரியா உட்காராது, இழை இடம் மாறிடும்.

அதோட உங்க பழைய வண்டியில ஹெட்லைட் பேட்டரியில எரியறதில்ல, மேக்னெட் காயில்ல இருந்து நேரா ஏசியில எரியுது. அதனாலதான் சிக்னல்ல நிக்கும்போது மங்கி, ஆக்ஸிலேட்டர் முறுக்கினா பிரகாசமாகுது. அந்தக் காயிலால 35 வாட்தான் தாங்க முடியும். 60 வாட்டைக் கேட்டா வோல்டேஜ் இறங்கும், இருக்கிறதைவிட மஞ்சளா மங்கலா எரியும். டூமும் பிளாஸ்டிக், அந்தச் சூட்டுல ரிஃப்ளெக்டர் வெள்ளி உதிர்ந்துடும். நல்ல கம்பெனி எச்எஸ்1 35/35 புதுசு போட்டு, டூம் கண்ணாடி மஞ்சளாயிருந்தா டூமையே மாத்துங்க. அந்த வண்டிக்கு டூம் ஒண்ணும் பெரிய விலையில்ல.

---

அரியலூர்_350

மணி அண்ணா, பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் மீட்டர் வாங்கிப் பார்த்தேன். பழைய ஹாலஜன் மாட்டிப் பார்த்த அளவு: பேட்டரியில் 13.9 வோல்ட். பல்பு ஹோல்டரில் டிம் போட்டால் 11.6, பிரைட்டில் 11.8. இது சரியா?

---

ஒயரிங்_மணி

தம்பி, உங்க வியாதி கிடைச்சாச்சு. 2.3 வோல்ட் வழியிலேயே காணாமப் போகுது.

இந்தப் பல்புக்கு வெளிச்சக் கணக்குப் போடுறது 13.2 வோல்ட்ல. அப்ப டிம்முக்குச் சுமார் 1,000 லூமன் (மொத்த வெளிச்சத்தோட அளவு), பிரைட்டுக்கு 1,650. ஹாலஜன் பல்புல வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் வெளிச்சம் ரொம்ப இறங்கும், நேர்விகிதமில்ல. 11.6-ல கணக்குப் பண்ணினா நீங்க பார்க்கிறது மூணுல ரெண்டு பங்குக்கும் கொஞ்சம் கம்மி. அதான் எருமை தெரியல.

செய்ய வேண்டியது இது. முதல்ல எர்த்: பல்பு எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல மீட்டர் வெச்சுப் பாருங்க, லைட் எரியும்போது 0.2-க்கு மேல காட்டினா எர்த் முனையைக் கழட்டிச் சுரண்டி மாட்டுங்க. ஸ்விட்ச்சைத் திறந்து காண்டாக்ட் கிளீனர் அடிங்க. அப்புறமும் பத்தலைன்னா ரிலே ஒயரிங். ரிலேன்னா சின்ன கரண்ட்ல தூண்டினா பெரிய கரண்டைத் திறந்துவிடுற ஸ்விட்ச். பேட்டரியில இருந்து தடிமனான ஒயர், பேட்டரி பக்கத்திலேயே 15 ஆம்ப் பியூஸ், டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒரு ரிலே. வண்டியோட பழைய கப்ளர் (பல்புக்குப் பின்னாடி மாட்டுற பிளக்) ரிலேயைத் தூண்ட மட்டும் போதும். ஹோல்டர் பீங்கான்ல வாங்குங்க. கம்பெனி ஒயரை வெட்டாம, கப்ளர்லயே மாட்டுற மாதிரி ரெடிமேடா கிடைக்குது. வண்டி வாரண்டியில இருந்தா சர்வீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க.

100/90 கேட்டீங்களே, அது ரோட்டுக்கு அனுமதியில்லாத பல்பு. 11.6 வோல்ட் வர்ற ஒயர்ல அதைப் போட்டா இன்னும் இறங்கும், ஸ்விட்ச்சு உருகும். என் கடைக்கு வந்த ஒரு வண்டியில கைப்பிடி ஸ்விட்ச்சு மெழுகு பொம்மை மாதிரி வளைஞ்சிருந்துச்சு.

---

ஸ்டுட்கார்ட்_தமிழன்

ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன். இங்கே சான்றில்லாத பல்பு போட்டால் வண்டி சாலையில் ஓடுவதற்கான அனுமதியே செல்லாது என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் @கோவை_நைட்ரைடு ஆசைப்படுவதற்கு ஒரு வழியும் இங்கே வந்திருக்கிறது. 2020-இல் ஓஸ்ராம் கம்பெனியின் மாற்று எல்இடி ஒன்றுக்கு முதன்முதலாக அனுமதி கிடைத்தது. அது எச்7 என்ற வேறு வகை பல்புக்கானது, பிறகு எச்4-க்கும் வந்தது. எல்லா வண்டிக்கும் பொதுவாகக் கிடையாது. எந்த வண்டியின் எந்த ஹெட்லைட்டில் சோதித்தார்களோ அந்தப் பட்டியலில் இருந்தால் மட்டும் போடலாம். பட்டியலில் இல்லாத வண்டியில் அதே பல்பு சட்டவிரோதம். அந்தச் சில்லின் இடமும் அளவும் இழையை ஒத்திருக்கும்படி செய்திருக்கிறார்கள். இங்கே கிடைத்த அனுமதி இந்தியாவில் செல்லாது, அதனால் யாரும் இதை வாங்கி ஊருக்கு அனுப்பச் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. இங்கிருந்து முழு ஹெட்லைட்டை வாங்கிக்கொண்டு போய் ஊரில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே வண்டி வலப்பக்கம் ஓடும். டிம் வெளிச்சம் வலப்பக்கம் உயர்ந்து விழும்படி செய்திருக்கும். நம் ஊரில் அதை மாட்டினால் உயர்ந்த பாகம் நேராக எதிரே வருகிறவர் கண்ணுக்குத்தான் போகும். நம் ஊர் விளக்கில் அது இடப்பக்கம், ரோட்டோரத்தை நோக்கி உயர வேண்டும்.

---

கோவை_நைட்ரைடு

நேற்று ராத்திரி என் தம்பியை வண்டியில் உட்காரவைத்துவிட்டு, 8 மீட்டர் அளந்து எதிரே போய் நின்றேன். டிம்மில் கண்ணைத் திறக்க முடியவில்லை. இரண்டு வருஷமாக மற்றவர்கள் இதைத்தான் பார்த்திருக்கிறார்கள். மலைப்பாதையில் வெள்ளை வெளிச்சம் எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறுக்கவில்லை, ஆனால் கழற்றிவிட்டேன்.

"130 சதவீதம் கூடுதல்" பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே? எனக்கும் அதுதான் இப்போது தேவை.

---

விதிமுறை_வாசகன்

அது முழுப் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. ஒரே 60/55 வாட், ஒரே சட்ட எல்லை. மொத்த ஒளியில் 15 சதவீதம் கூடக்குறையத்தான் ஒழுங்குமுறை இடம் தருகிறது. அதனால் மொத்த வெளிச்சம் இரண்டு மடங்காக வழியே இல்லை. அந்தச் சதவீதம் ஒளிக்கற்றையின் ஒருசில புள்ளிகளில், சட்டம் கேட்கிற குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டுச் சொல்வது. இழையை இன்னும் நெருக்கமாகச் சுற்றி, வாயுவை மாற்றி, ஒளியைத் தூரத்துப் புள்ளிக்கு ஒடுக்கிக் கொண்டுபோகிறார்கள். ரோட்டில் வித்தியாசம் தெரியும், நான் போட்டிருக்கிறேன்.

ஆனால் அதற்கு நாம் கொடுக்கிற விலை பல்பின் ஆயுள். 2017 ஏப்ரல் முதல் வருகிற இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும், அணைக்க ஸ்விட்ச் கிடையாது. அந்த வகை பல்பின் ஆயுள் 200 மணி நேரம் என்று வைத்து, தினம் இரண்டு மணி நேரம் ஓட்டினால் நூறு நாளில் பல்பு போய்விடும். அரியலூர் நண்பரைப் போல தினமும் ஓட்டுகிறவருக்கு நான் சாதாரண நல்ல பல்பையோ, கூடுதல் சதவீதம் குறைவாக உள்ளதையோ, அதிர்வு தாங்குகிற பைக் வகையையோ சொல்வேன். புல்லட் அதிர்வில் இழை சீக்கிரம் அறும்.

நீலப் பூச்சு பூசிய "சூப்பர் ஒயிட்" வகையை விட்டுவிடுங்கள். அந்தப் பூச்சு மஞ்சள் ஒளியை வடிகட்டித்தான் வெள்ளையாகக் காட்டுகிறது. வடிகட்டியது போக மிச்சம்தான் ரோட்டுக்கு.

---

அரியலூர்_350

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலை.

எர்த்தில் 0.7 வோல்ட் போய்க்கொண்டிருந்தது. சுரண்டி மாட்டினேன். ரிலே ஒயரிங் மெக்கானிக் போட்டார். இப்போது ஹோல்டரில் 13.3 வோல்ட். பல்பு, சாதாரண 60/55 வாட், அடித்தட்டில் வட்டத்துக்குள் ஈ முத்திரை பார்த்து வாங்கினேன். பல்பின் கண்ணாடியைக் கை தொடாமல் மாட்டினேன்.

ஒரு சந்தேகம்: டூம் கோணம் எப்படி வைப்பது? மெக்கானிக் கண்ணளவாக வைத்துவிட்டார்.

---

ஒயரிங்_மணி

கண்ணளவு வேண்டாம். டயர் காற்றைச் சரி பண்ணிட்டு, வண்டியைச் சமதரையில சுவருக்கு நேரா 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்க. நீங்க வண்டி மேல உட்காருங்க, தினமும் கொண்டு போற பையும் இருக்கட்டும். பல்பு நடு உயரத்தைத் தரையில இருந்து அளந்து சுவர்ல கோடு போடுங்க. டிம் போட்டா வெளிச்சத்தோட மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5-ல இருந்து 7 சென்டிமீட்டர் கீழே நிக்கணும். 5 சென்டிமீட்டர்னா மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் இறக்கம். உங்க டூம் தரையில இருந்து 95 சென்டிமீட்டர்னு வெச்சா, விளிம்பு ரோட்டைத் தொடுறது 95 மீட்டர்ல. ஸ்டாண்டுல நிறுத்தி வெச்சு செட் பண்ணாதீங்க, உட்கார்ந்தா பின்பக்கம் அமுங்கி வெளிச்சம் மேல ஏறிடும்.

---

அரியலூர்_350

அளந்து வைத்தேன் அண்ணா. 6 சென்டிமீட்டர் கீழே. மனைவி 8 மீட்டரில் போய் நின்று பார்த்து, கூசவில்லை என்றாள்.

நான்கு ராத்திரி ஓட்டிவிட்டேன். வெளிச்சம் மஞ்சள்தான், கடைக்காரர் போட்ட எல்இடி மாதிரி பளிச்சென்று இல்லை. ஆனால் இடது ஓரத்துக் கோடும் அதற்கு வெளியே மண்ணும் தூரம் வரை தெரிகிறது. நேற்று ஒரு நாய் குறுக்கே வந்தது, பிரேக் பிடித்து நிற்க நேரம் இருந்தது. அறுபதில் போனால் பார்த்துப் பிரேக் பிடித்து நிற்க ஐம்பது மீட்டர் வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். முப்பது மீட்டர் பார்வையோடு இத்தனை நாள் அதே வேகத்தில் போயிருக்கிறேன். எதிர் லாரி வந்தால் இன்னமும் ஐம்பதுக்கு இறக்கிவிடுகிறேன்.

மகளை உட்காரவைத்தால் வெளிச்சம் மேலே ஏறுகிறது. அதற்கு என்ன செய்வது?

---

ஒயரிங்_மணி

பின்பக்க ஷாக்கை ஒரு படி ஏத்தி வெச்சு, அவங்களை உட்கார வெச்சு சுவர்ல மறுபடி பாருங்க. பத்தலைன்னா டூமை அரைச் சுத்து இறக்குங்க. பழைய பல்பு நல்லாத்தானே இருக்கு, துணியில சுத்தி டூல்ஸ் பாக்ஸுல போட்டு வைங்க, வழியில ஒண்ணு போனா உதவும்.

---

லாரி_ஸ்டியரிங்

அரியலூர் தம்பி, வியாழன் ராத்திரி பதினோரு மணிக்கு நான் அந்த ரோட்டுலதான் வந்தேன். நாலஞ்சு புல்லட் எதிர்ல போச்சு. அதுல எது உங்களுதுன்னு தெரியல. ஒண்ணுக்கும் நான் டிம் பிரைட் அடிக்கல.